லாலிபெலா பாறைத் தேவாலயங்கள்: கிளம்பும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எத்தியோப்பியாவின் வடக்கே, அம்ஹாரா மாநிலத்து லாஸ்தா மலைகளுக்கு நடுவே, சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிறிய ஊர் லாலிபெலா. ஊட்டியை விடக் கொஞ்சம் உயரம், தொட்டபெட்டாவை விடக் கொஞ்சம் தாழ்வு. ஊருக்குள்ளேயே 11 தேவாலயங்கள் இருக்கின்றன: வடக்கே ஒரு தொகுதி, தென்கிழக்கே ஒரு தொகுதி, தனியாக ஒன்று. ஒன்றுகூடக் கல்லின் மேல் கல் வைத்துக் கட்டியதல்ல. எல்லாம் மலையை வெட்டி எடுத்தவை. 1978-இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற 12 இடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் உள்ளூர்க்காரருக்கு இது நினைவுச்சின்னம் அல்ல, தினமும் பூசை நடக்கும் கோயில். கீழே வரும் பதில்களில் பாதி அந்த ஒரு காரணத்தால் வருபவை.

இவை குடைவரைகளா, ஒற்றைக்கல் கோயில்களா?

இரண்டும் உண்டு. நம் ஊரில் மலையின் பக்கவாட்டில் குடைந்து உள்ளே போவதைக் குடைவரை என்கிறோம். பாறையைச் சுற்றி வெட்டித் தனியாக நிற்க வைப்பதை ஒற்றைக்கல் கோயில் என்கிறோம். அதே பாகுபாடு இங்கும் பொருந்தும். பேத் கியோர்கிஸ், பேத் மெதானே அலெம், பேத் மரியாம், பேத் அமானுவேல் ஆகியவை நாலு பக்கமும் அகழி வெட்டித் தனியே பிரித்த ஒற்றைக்கற்கள். பேத் அப்பா லிபானோஸ் நடுவாந்தரம்: பக்கங்கள் பிரிந்து நிற்கும், கூரை மட்டும் மேலே மலையோடு ஒட்டியிருக்கும். பேத் மெர்கோரியோஸ் ஏறக்குறைய குகை.

கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்தவர்களுக்கு இந்த முறையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் சிகரத்தில் தொடங்கிக் கீழ்நோக்கியே செதுக்கியிருக்கிறார்கள். அடிப்பகுதி முடியாமல் நின்றுபோனதால் வேலை நடந்த விதம் அப்படியே தெரிகிறது. லாலிபெலாவில் வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான். கல்லிலும் வித்தியாசம் இருக்கிறது. இங்கே இருப்பது துளைகள் நிறைந்த செந்நிற எரிமலைப் பாறை. நம் கருங்கல்லை விட மிக மென்மை. உளிக்குச் சீக்கிரம் வளையும், தண்ணீருக்கும் சீக்கிரம் வளையும்.

‘பேத்’ என்றால் வீடு. தமிழ் விவிலியத்தில் பெத்லகேம், பெத்தேல் என்று வருகிறதே, அதே சொல்தான். இங்கேயும் ஒரு பேத் லெஹெம் இருக்கிறது, ஒரு கொல்கொதா இருக்கிறது. நடுவில் ஓடும் வாய்க்காலுக்குப் பெயர் யோர்தானோஸ்.

யார், எப்போது வெட்டினார்கள்?

மரபு சொல்வது: சாக்வே வம்சத்து அரசன் கெப்ரே மெஸ்கெல் லாலிபெலா, 12-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்டவன், தன் தலைநகர் ரோஹாவைப் புதிய எருசலேமாக ஆக்க நினைத்து வெட்டுவித்தான். பகலில் மனிதரும் இரவில் வானதூதரும் வேலை செய்தார்கள் என்பது ஊர் நம்பிக்கை. பிறந்தபோது தேனீக்கள் கூட்டமாக அவனைச் சூழ்ந்தன, அதனால் ‘இவன் அரசன் என்பதைத் தேனீக்கள் அறிந்தன’ என்ற பொருளில் லாலிபெலா என்று பெயரிட்டார்கள் என்றும் சொல்வார்கள். பின்னாளில் ஊரே அவன் பெயருக்கு மாறியது.

பதினொன்றும் ஒரே ஆட்சியில் முடிந்ததாக ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. மெர்கோரியோஸ், கப்ரியேல்-ருஃபாயேல் போன்றவை முதலில் கோட்டையாகவோ அரண்மனையாகவோ இருந்து, பிறகு தேவாலயமாக மாறியிருக்கலாம் என்கிறார்கள். அகழிக்கு மேல் பாலம் போட்டுத்தான் கப்ரியேல்-ருஃபாயேலுக்குள் நுழைய முடியும் என்பதைப் பார்க்கும்போது அந்தக் கருத்து நம்பும்படியே இருக்கிறது. மெர்கோரியோஸில் கால்விலங்குகள் கிடைத்திருக்கின்றன.

இப்போது போவது பாதுகாப்பா?

இதை விசாரிக்காமல் டிக்கெட் போடாதீர்கள். 2020 நவம்பரில் பக்கத்து மாநிலமான டிக்ராயில் தொடங்கிய போரில் இந்த ஊரே 2021 ஆகஸ்டில் டிக்ராய் படையின் கைக்குப் போய், அந்த டிசம்பரில் மீட்கப்பட்டது. 2022 நவம்பரில் போர்நிறுத்தம் வந்தது. ஆனால் 2023 ஆகஸ்டிலிருந்து அம்ஹாரா மாநிலத்தில் அரசுப் படைக்கும் ஃபானோ ஆயுதக் குழுக்களுக்கும் மோதல் மூண்டது. நெருக்கடி நிலையும் அறிவிக்கப்பட்டது.

மூன்று காரியங்களைச் செய்யுங்கள். இந்திய வெளியுறவுத் துறையும் அடிஸ் அபாபாவில் உள்ள தூதரகமும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். தங்கப்போகும் விடுதிக்கே போன் போட்டு, விமானம் வருகிறதா, சாலை திறந்திருக்கிறதா, இணையம் இருக்கிறதா என்று கேளுங்கள்; மூன்றுக்கும் பதில் ‘ஆம்’ என்றால்தான் மேலே யோசிக்க வேண்டும். கடைசியாகப் பயணக் காப்பீட்டின் விதிகளைப் படியுங்கள். ‘போக வேண்டாம்’ என்று அரசு எச்சரித்த பகுதியில் நடக்கும் எதற்கும் பல நிறுவனங்கள் பணம் தருவதில்லை. நிலைமை சரியில்லை என்றால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். எண்ணூறு வருடம் நின்ற கல், அதுவரை நிற்கும்.

விசா, தடுப்பூசி?

விசா இணையத்திலேயே கிடைக்கும், 30 அல்லது 90 நாளுக்கு. எத்தியோப்பிய அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் இடைத்தரகர் தளங்கள் நிறைய உண்டு.

பலர் தடுமாறுவது தடுப்பூசியில். எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடு. அங்கிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். இலங்கைக்குத் திரும்புபவர்களிடமும் சான்று கேட்பார்கள். ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும், அதனால் கிளம்பும் வாரத்தில் ஓடிப் பயனில்லை. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு முறை அவ்வப்போது மாறுவதால் ஒரு மாதம் முன்பே விசாரியுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்திருங்கள்.

எப்படிப் போவது?

அடிஸ் அபாபாவிலிருந்து உள்நாட்டு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். விமான நிலையம் ஊரிலிருந்து 25 கிலோமீட்டர் கீழே இருக்கிறது. விடுதிக்காரர்களே வண்டி அனுப்புவார்கள். எத்தியோப்பியன் ஏர்லைன்ஸில் நாட்டுக்குள் வரும் வெளிநாட்டுப் பயணச்சீட்டு உங்களிடம் இருந்தால் உள்நாட்டுச் சீட்டுக்கு விலை குறைவாகக் கிடைப்பது வழக்கம். சென்னை, மும்பை, டெல்லி எதிலிருந்து வந்தாலும் அந்தச் சீட்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

சாலை வழி டெஸ்ஸி, வோல்டியா, காஷேனா வழியாக இரண்டு நாள். அழகான பாதைதான். ஆனால் பதற்றம் உள்ள காலத்தில் எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.

திரும்பும் நாளில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். லாலிபெலா விமானம் ரத்தானால் அடுத்தது மறுநாள்தான். அதே இரவில் அடிஸிலிருந்து வெளிநாட்டு விமானம் வைத்திருப்பவர்கள்தான் வழக்கமாக மாட்டிக்கொள்கிறார்கள்.

எந்த மாதம் நல்லது?

அக்டோபர் முதல் மார்ச் வரை. மழை ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை. ஜூலையும் ஆகஸ்டும் மோசம், படிகள் வழுக்கும், அகழிகளில் சேறு. அக்டோபர் தொடக்கத்தில் மலை பச்சையாக இருக்கும், கூட்டம் குறைவு, காற்றில் தூசி கிடையாது. ஒரே மாதம்தான் சொல்ல வேண்டும் என்றால் அதைத்தான் சொல்வோம். டிசம்பர், ஜனவரியில் பகலில் சுள்ளென்று வெயில், இரவில் ஸ்வெட்டர் போதாத குளிர்.

கென்னா விழாவுக்குப் போகலாமா?

கென்னா என்பது எத்தியோப்பியக் கிறிஸ்துமஸ், ஜனவரி 7. அரசன் லாலிபெலாவின் பிறந்தநாளும் அதுவே என்பதால் இந்த ஊரில் இரட்டைத் திருவிழா. 43 நாள் நோன்பு இருந்து, வெள்ளைத் துணி போர்த்தி, நாள்கணக்காக நடந்தே வருபவர்கள் உண்டு. பழனிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த முகங்கள் அந்நியமாகத் தெரியாது. மேட்டிலும் சரிவிலும் கூடாரம் போட்டு, இல்லையென்றால் வெறும் தரையில் தூங்குவார்கள்.

7-ஆம் தேதி காலை ‘பேஸா குலு’ நடக்கும். பேத் மரியாமைச் சுற்றியுள்ள அகழியின் மேல்விளிம்பில் குருமார் ஒரு வரிசை. கீழே முற்றத்தில் இன்னொரு வரிசை. மேலே நிற்பவர்கள் வானதூதர், கீழே நிற்பவர்கள் பூமியின் இடையர். கபேரோ என்ற பெரிய முரசு அதிர, ட்ஸெனாட்ஸில் என்ற கைச்சிலம்பு குலுங்க, இரு வரிசையும் மாறி மாறிப் பாடி மெல்ல அசையும்.

பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் விலை உண்டு. அறை வாடகை பல மடங்காகும், பல மாதம் முன்பே முழுப்பணமும் கேட்பார்கள். நெரிசலில் தேவாலயங்களுக்குள் நின்று பார்க்க முடியாது. கல்லை நிதானமாகப் பார்ப்பதும் விழாவைப் பார்ப்பதும் வெவ்வேறு பயணங்கள். இரண்டும் வேண்டும் என்றால் ஜனவரி 3-க்கே வந்து தேவாலயங்களை முதலில் முடித்துவிடுங்கள். 6-ஆம் தேதி இரவு முழுக்க வழிபாடு நடக்கும். கனத்த கம்பளியும் டார்ச்சும் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஜனவரி 19-இல், நெட்டாண்டென்றால் 20-இல், வரும் திம்கெத் என்ற திருமுழுக்கு விழாவும் பெரியதே.

நுழைவுச்சீட்டு, நேரம், வழிகாட்டி?

ஒரே சீட்டுதான், பதினொன்றுக்கும் பல நாளுக்கும் செல்லும். வடக்குத் தொகுதிக்கு அருகே உள்ள அலுவலகத்தில் வாங்க வேண்டும், பாஸ்போர்ட் தேவை. வெளிநாட்டவருக்குப் பல வருடம் 50 டாலராக இருந்தது. பழைய பயணக் கையேடுகளில் உள்ள அந்த எண்ணை நம்பிப் பணத்தை எண்ணி எடுத்து வராதீர்கள். இப்போதைய கட்டணத்தை விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டை ஒவ்வொரு வாசலிலும் பார்ப்பார்கள், தொலைத்தால் மறுபடி வாங்க வேண்டியதுதான். ஊருக்கு வெளியே உள்ள தேவாலயங்களில் தனிக் கட்டணம்.

காலை 8 முதல் 12 வரை, பிறகு 2 முதல் 5.30 வரை. நடுப்பகலில் குருமார் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

வழிகாட்டி கட்டாயமா என்று கேட்பவர்களுக்கு: வைத்துக்கொள்ளுங்கள். அகழிகளும் சுரங்கங்களும் பின்னிக் கிடப்பதால், எந்தத் துளை எங்கே போகிறது என்று வெளியாளுக்குப் புரியாது. பூட்டிய கதவுக்குச் சாவி எந்தக் குருவிடம் இருக்கிறது என்பதும் வழிகாட்டிக்குத்தான் தெரியும். உரிமம் பெற்ற வழிகாட்டியையே அமர்த்துங்கள். நாள் கூலியை முதலிலேயே பேசி, எத்தனை தேவாலயம், எத்தனை நாள் என்பதையும் தெளிவாக்குங்கள்.

எத்தனை நாள் வேண்டும்? எந்த வரிசையில் பார்ப்பது?

ஊருக்கு மட்டும் இரண்டு முழு நாள், சுற்றுப்புறத்துக்கு ஒன்று. ஒரே நாளில் பதினொன்றையும் ஓடி முடிப்பவர்களுக்கு மாலையில் எது எதென்றே நினைவிருக்காது.

முதல் காலை வடக்குத் தொகுதி. மெதானே அலெம், அதாவது உலக மீட்பர் வீடு, இருப்பதிலேயே பெரியது: 33 மீட்டருக்கு மேல் நீளம், 23 மீட்டருக்கு மேல் அகலம், 11 மீட்டர் உயரம். உள்ளும் புறமும் சேர்த்து 72 தூண் என்று கணக்குச் சொல்வார்கள். வெளித்தூண்களில் சில விழுந்து பின்னால் எடுத்துக் கட்டியவை, நிறத்திலும் இணைப்பிலும் தெரியும். மூலையில் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபுக்கென்று மூன்று வெற்றுக் கல்லறைகள் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு சுரங்கம் பேத் மரியாமுக்குப் போகும். சிறியதானாலும் கூரையும் வளைவுகளும் ஓவியமும் செதுக்கலும் நிறைந்தது. ஊர்மக்களுக்கு மிகவும் நெருக்கமானது. நடுத்தூண் ஒன்றைத் துணியால் சுற்றியே வைத்திருப்பார்கள். அதை விலக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது. முற்றத்தில் பாசி படிந்த ஆழமான குளம் உண்டு. பிள்ளை வரம் வேண்டி விழாக்காலத்தில் பெண்கள் கயிற்றைப் பிடித்து அதில் இறங்குவார்கள். பக்கத்திலேயே பேத் மெஸ்கெல், பேத் தெனாகெல். கடைசியாக, ஒட்டியிருப்பதால் ஒன்றாகவே எண்ணப்படும் மிகாயேலும் கொல்கொதாவும்; அரசனின் கல்லறை கொல்கொதாவில் இருப்பதாக நம்புகிறார்கள். எல்லாவற்றுக்கும் மூன்று மணி நேரம்.

மதியம் ஓய்வு. 3.30 மணிக்கு மேல் பேத் கியோர்கிஸ். இது இரண்டு தொகுதியோடும் சேராமல் மேற்கே தனியாக நிற்கிறது. சிலுவை வடிவம், நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறத்தாழ 12 மீட்டர். முதலில் மேலிருந்து பாருங்கள். கூரையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சிலுவை செதுக்கியிருக்கும். கீழ்வரிசை ஜன்னல்கள் பொய் ஜன்னல்கள், மேல்வரிசைதான் திறந்தவை. பிறகு சரிவான அகழி வழியே இறங்க வேண்டும். ‘எனக்கு மட்டும் வீடில்லையா’ என்று புனித ஜார்ஜ், அதாவது கியோர்கிஸ், குதிரையில் வந்து கேட்டதால் வெட்டியது என்பார்கள். குதிரைக் குளம்புத் தடத்தையும் காட்டுவார்கள். சுவரில் உள்ள பொந்துகளில் காய்ந்துபோன மனித உடல்கள் கிடக்கும். குழந்தைகளோடு போனால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இரண்டாம் நாள் தென்கிழக்குத் தொகுதி: கப்ரியேல்-ருஃபாயேல், மெர்கோரியோஸ், அமானுவேல், அப்பா லிபானோஸ், பேத் லெஹெம். உடலுக்கு இதுதான் கடினம். வேலைப்பாட்டில் அமானுவேல் முதலிடம் என்பது எங்கள் கணிப்பு. பழைய அக்சும் நாட்டில் மரச்சட்டமும் கல்லும் மாறி மாறி வைத்துக் கட்டும் பழக்கம் இருந்தது. அமானுவேலை வெட்டியவர்கள், தேவையே இல்லாத அந்தப் பட்டைகளை ஒரே பாறையில் அப்படியே செதுக்கிக் காட்டியிருக்கிறார்கள். மரவேலையைக் கல்லில் காட்டும் நம்மூர்க் கொடுங்கை, கூடு எல்லாம் நினைவுக்கு வரும். லிபானோஸை அரசி மெஸ்கெல் கிப்ரா ஒரே இரவில் வானதூதர் துணையோடு முடித்தாள் என்பது கதை.

இருட்டுச் சுரங்கம் என்கிறார்களே?

தென்கிழக்குத் தொகுதியில் சில பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரு துளி வெளிச்சமில்லாத சுரங்கம் இருக்கிறது. நரகத்தைக் கடந்து சொர்க்கம் சேர்வது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். அதனால் விளக்கில்லாமல் நடக்க வேண்டும் என்பது மரபு. ஒரு கை சுவரில், இன்னொரு கை தலைக்கு மேல். உயரமானவர்களுக்குத் தலை இடிக்கும். மூச்சு முட்டுபவர்கள், மூடிய இடத்தைக் கண்டு பயப்படுபவர்கள் டார்ச் போட்டுக்கொள்ளலாம், அல்லது வழிகாட்டியிடம் சொன்னால் வெளியே சுற்றி அழைத்துப் போவார். கட்டாயம் எதுவுமில்லை.

வயதானவர்கள், முட்டிவலிக்காரர்கள்?

படிகள் சமமாக இராது. காலடி தேய்த்து வழவழவென்று நடுவில் குழிந்திருக்கும், கைப்பிடி பெரும்பாலும் கிடையாது. வடக்குத் தொகுதியைக் கைத்தடியோடு மெதுவாகச் சுற்றிவிடலாம். கியோர்கிஸை மேலிருந்து பார்த்தாலே போதும், ஆனால் விளிம்பில் வேலி இல்லை. கீழே 12 மீட்டர் ஆழம். படம் எடுத்துக்கொண்டே பின்னால் நகராதீர்கள். தென்கிழக்கைத் தவிர்ப்பது நல்லது. இந்த உயரத்தில் முதல் நாள் மாடி ஏறினாலே மூச்சு வாங்கும்; அது இயல்பு. வந்த அன்று அலையாமல் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

செருப்பு, உடை, தெள்ளுப்பூச்சி?

ஒவ்வொரு வாசலிலும் காலணியைக் கழற்ற வேண்டும், ஒரே நாளில் பத்து முறை. அதனால் நாடாக் கட்டும் ஷூ வேண்டாம்; ஆனால் அகழிக்குப் பிடிமானமுள்ள அடி வேண்டும். பட்டை வைத்த செருப்பு சரியாக இருக்கும். காலணி பார்த்துக்கொள்ள ஒருவர் கூடவே வருவார். அவருக்கு நாள் முடிவில் தனியாகக் கொடுக்க வேண்டும். வழிகாட்டிக் கூலியில் அது அடங்காது.

உள்ளே கல்தரையில் பழைய கம்பளங்கள் விரித்திருப்பார்கள். அவற்றில் தெள்ளு உண்டு, கடித்தால் ஒரு வாரம் அரிக்கும். கணுக்காலை மூடும் வெளிர்நிற நீளச் சாக்ஸ் போட்டு, கால்சட்டையின் அடியைச் சாக்ஸுக்குள் செருகி, மேலே பூச்சி விரட்டும் களிம்பு தடவிக்கொள்ளுங்கள். வெளிர்நிறம் எதற்கென்றால், ஏறினால் கண்ணுக்குத் தெரியும். கம்பளத்தில் உட்காராதீர்கள்.

தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். பெண்கள் தலையை மூடுவார்கள். சந்தையில் கிடைக்கும் நெத்தெலா என்ற மெல்லிய வெள்ளைப் பருத்திப் போர்வை ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். நம் துப்பட்டாவே போதும்.

பெண்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டா?

கொல்கொதாவுக்குள் பெண்களை விடுவதில்லை. மற்ற பத்தும் திறந்தவை, வழிபாட்டு நேரத்தில் ஆணும் பெண்ணும் வேறு வேறு பக்கம் நிற்பார்கள். மாதவிலக்கு நாட்களில் உள்ளே போகாமல் முற்றத்தில் நின்று வணங்குவது உள்ளூர்ப் பெண்களின் வழக்கம். திரைக்குப் பின்னால் இருக்கும் மெக்தெஸ் என்ற கருவறையில் தாபோத் இருக்கும். உடன்படிக்கைப் பேழையின் அடையாளம் அது. அங்கே குருமாரைத் தவிர ஆண், பெண் எவருக்கும் அனுமதியில்லை. திரையைத் தொடாதீர்கள்.

படம் எடுக்கலாமா?

ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். வழிபாடு நடந்தால் கேட்டுவிட்டு. குருமார் பழைய சிலுவையைக் கையில் ஏந்தி நின்று காட்டுவார்கள். எடுத்தால் சிறு காணிக்கை கொடுப்பது முறை. அதற்கு எத்தியோப்பியப் பணமான பிர்ரில் சில்லறை நோட்டு வைத்திருங்கள். பக்தர்களை எடுக்கும் முன் ஒரு தலையசைப்பாவது கேளுங்கள். டிரோனை நாட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், சுங்கத்தில் பிடித்து வைத்துவிடுவார்கள்.

‘மூன்று மணிக்கு வாருங்கள்’ என்றார், போனால் யாரும் இல்லையே?

அவர் சொன்னது காலை 9 மணி. எத்தியோப்பியாவில் நாளைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள்: நம் 7 மணி அவர்களுக்கு 1 மணி, நம் நண்பகல் அவர்களுக்கு 6. சாதகத்தில் உதயாதி நாழிகை பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் நியாயம் சட்டென்று புரியும். யார் நேரம் சொன்னாலும் ‘ஃபெரெஞ்ச் நேரமா’ என்று ஒருமுறை கேளுங்கள். ஃபெரெஞ்ச் என்றால் வெளிநாட்டவர். விமானச் சீட்டில் மட்டும் நம் நேரமே இருக்கும்.

ஆண்டுக் கணக்கும் வேறு. 13 மாதம், நம்மை விட 7 அல்லது 8 ஆண்டு பின்னே. விடுதி ரசீதில் ஏழெட்டு வருடம் பழைய ஆண்டைப் பார்த்தால் பதறாதீர்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தாராளமாக. புதன், வெள்ளி, பெருநோன்புக் காலங்களில் இறைச்சி, பால், முட்டை, நெய் எதையும் பக்தர்கள் தொடுவதில்லை. அந்த நாட்களில் ‘யெ-ட்ஸோம் பெயாய்நெத்து’ என்று கேளுங்கள். பெரிய இஞ்சேராவின் மேல் பருப்பு, கீரை, கோசு, பீட்ரூட், கடலைமாவில் செய்யும் ஷிரோ எல்லாம் குவியல் குவியலாக வரும். இஞ்சேரா என்பது தெஃப் என்ற பொடித் தானிய மாவைச் சில நாள் புளிக்கவைத்துச் சுடுவது. ஆப்பத்தின் ஓட்டையும் புளித்த தோசையின் சுவையும் சேர்ந்தது போலிருக்கும். வலது கையால் பிய்த்துச் சாப்பிட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நோன்பில்லாத நாளில்தான் கவனம் தேவை. அப்போது ஷிரோவிலேயே மசாலா நெய் விடுவார்கள்; ‘பொஸெனா ஷிரோ’ என்றால் இறைச்சி சேர்ந்தது. சுத்த சைவமென்றால் எந்த நாளானாலும் நோன்பு என்று பொருள்படும் ‘ட்ஸோம்’ என்ற சொல்லையே பிடித்துக்கொள்ளுங்கள். காபி மூன்று சுற்று வரும், முதல் சுற்றோடு எழுந்துபோவது மரியாதையில்லை. தேஜ் என்ற தேன்மது இனிப்பாக இறங்கி, பிறகு தலைக்கு ஏறும்.

தேவாலயங்களுக்கு மேல் ஏன் அந்தக் கூரைகள்? படம் கெடுகிறதே?

துளையுள்ள பாறை மழைநீரை உறிஞ்சும், காயும், மறுபடி உறிஞ்சும்; இப்படியே விரிசல் விடுகிறது. 1960-களில் சர்வதேச உதவியோடு பெரிய பழுதுபார்ப்பு நடந்தது. பிறகு 2008-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் மெதானே அலெம், மரியாம், அமானுவேல், லிபானோஸ் பக்கங்களில் உயரமான தூண்களோடு இந்தக் கூரைகளை நிறுத்தினார்கள். மழை தடுபட்டது உண்மை. ஆனால் தற்காலிகம் என்று வந்தவை நிரந்தரமாக நின்றுவிட்டன. கல் அளவுக்கு மீறி உலர்கிறது என்றும், பலத்த காற்றில் அந்தப் பாரமே ஆபத்து என்றும் ஊரார் கவலைப்படுகிறார்கள். கியோர்கிஸுக்கு மேல் கூரை இல்லை, அதனால்தான் எல்லாப் படத்திலும் அதையே பார்க்கிறீர்கள்.

ஊருக்கு வெளியே ஒன்றே ஒன்று பார்க்க நேரமிருந்தால்?

யெம்ரஹன்ன கிறிஸ்தோஸ். வண்டியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், பிறகு சிறு ஏற்றம். பெரிய குகைக்குள் மரமும் பூச்சும் பட்டை பட்டையாக வைத்துக் கட்டிய தேவாலயம்; இது வெட்டியதல்ல, கட்டியது, லாலிபெலாவுக்கும் மூத்தது. அமானுவேலில் கல்லில் பார்த்த பட்டைகளின் அசல் இங்கே இருக்கிறது. பின்புறம் யாத்திரிகர்களின் எலும்புகள் குவிந்து கிடக்கும். பாதை நிலவரம் கேட்டே கிளம்புங்கள். அரை நாள்தான் என்றால் ஊருக்குப் பக்கத்திலேயே நாகுத்தோ லாப். பாறையிலிருந்து சொட்டும் தீர்த்தத்தைக் கற்குழிகளில் பிடிக்கிறார்கள். கால் வலுவுள்ளவர்கள் அஷெதென் மரியாமுக்கு இரண்டு மணி நேரம் ஏறலாம், கோவேறு கழுதையும் கிடைக்கும்.

பணம்? பின்னால் வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுக்கலாமா?

அடிஸிலேயே பிர் மாற்றிக்கொள்ளுங்கள். ஊரில் ஏடிஎம் உண்டு, ஆனால் மின்சாரமும் இணையமும் போனால் அதுவும் போகும். பிள்ளைகள் அழகான ஆங்கிலத்தில் பேசிப் பழகி, பள்ளிக்கு அகராதியோ கால்பந்தோ வாங்கித் தரச் சொல்வார்கள். வாங்கிய பொருள் மாலையிலேயே கடைக்குத் திரும்புவது உண்டு. போர் நடந்த ஊர், தேவை பொய்யல்ல. கொடுக்க நினைப்பதைப் பள்ளியிடமோ தேவாலயத்திடமோ கொடுங்கள்.

நினைவுப் பொருளாக என்ன வாங்கலாம்?

நெத்தெலா, கூடை, புதிதாக வார்த்த கைச்சிலுவை. ‘முன்னூறு வருடப் பழசு’ என்று தோல் சுவடியோ சிலுவையோ யாராவது ரகசியமாகக் காட்டினால் கையில் வாங்கிக்கூடப் பார்க்க வேண்டாம். பழம்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போவது குற்றம். மெதானே அலெமில் இருந்த அஃப்ரோ அயிகெபா என்ற 7 கிலோ சிலுவை 1997-இல் திருடுபோய், பெல்ஜியத்துப் பழம்பொருள்காரர் ஒருவரிடமிருந்து 2001-இல்தான் திரும்பியது. அதிலிருந்து விமான நிலையத்தில் பையில் சிலுவை தெரிந்தாலே நிறுத்திக் கேட்பார்கள். புதிய சிலுவைக்கும் கடை ரசீதை வாங்கி, பையில் மேலாகத் தெரியும்படி வைத்திருங்கள்.